தம்பி மஞ்சளான மாதம்

எண்ணெய் எடுக்கும் செம்பனை மரத்துக்கு நிறம் மாறத் தெரியாது. ஓலை காய்ந்தால் வெட்டி வரிசைக்கு நடுவே அடுக்கிவிடுவார்கள். நிமிர்ந்து பார்த்தால் மேலே எப்போதும் பச்சைதான். எட்டு வயது வரை செம்பனைக்கு நடுவிலேயே வளர்ந்த எனக்கு மரம் என்றால் பச்சை, அவ்வளவுதான். ஆகவே அந்த வருடம் நாங்கள் குடிமாறிப் போன லயத்து வரிசைவீடுகளுக்குப் பின்னால் நின்ற ரப்பர் பால்மரங்கள் எனக்கு என்ன செய்யக் காத்திருந்தன என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. சொல்லவேண்டிய விஷயமாக யாருக்கும் தோன்றியிருக்காது.

கோலசிலாங்கூரிலிருந்து உள்ளே போகும் சாலையில் இருந்தது அந்தத் தோட்டம். அதுவும் செம்பனைத் தோட்டம்தான். லயத்துக்குப் பின்னால் மட்டும், பால் வெட்டுவதை நிறுத்திவிட்ட பழைய பால்மரக்காடு ஒன்று மிச்சம் இருந்தது. அப்பாவுக்கு அங்கே ஒரு குத்தகைக்காரரிடம் மருந்தடிக்கும் வேலை கிடைத்திருந்தது. மருந்து என்றால் புல் மருந்து. முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு, ஒரு கையால் பம்பை இயக்கி, இன்னொரு கையால் குழாயை ஆட்டியபடி செம்பனை வரிசைகளுக்குள் நடந்துகொண்டே இருப்பார். அவர் நடந்து போன பாதையில் உள்ள புல் சில நாட்களில் மஞ்சளாகும். பிறகு செம்பட்டையாகும். பிறகு அங்கே புல் இருந்த தடமே இருக்காது. எனக்கு அதில் சொல்லமுடியாத பெருமை. பள்ளிக்கூட பஸ்ஸிலிருந்து அந்த மஞ்சள் வரிகளைக் காட்டி, அதெல்லாம் எங்கள் அப்பா செய்தது என்று பக்கத்தில் இருப்பவளிடம் சொல்லுவேன்.

சீனப் புத்தாண்டு விடுமுறை முடிந்த சமயத்தில் தம்பி பிறந்தான். அம்மாவுக்குப் பத்தியம் பார்க்க அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, அசாம் ஜாவாவிலிருந்து இரண்டு பைகளோடும் ஏகப்பட்ட அபிப்பிராயங்களோடும் வந்து இறங்கினாள். தம்பி சிவப்பாகவும் சுருக்கமாகவும் இருந்தான். அப்பா தினமும் வேலை முடிந்து பின்வாசல் வழியாக வந்து, ரப்பர் சப்பாத்தைக் கழற்றிய கையோடு குழந்தையைத் தூக்க இரண்டு கைகளையும் நீட்டுவார். குளித்துவிட்டு வா என்று அத்தை விரட்டுவாள். அவர் பாதிநாள் கேட்பார், பாதிநாள் கேட்காமல் தூக்கிவிடுவார்.

அந்த வாரம்தான் பால்மரங்கள் மாறத் தொடங்கின.

முதலில் ஒரு மரத்தில் ஒரு கிளை மட்டும், யாரோ ஏறி மஞ்சளை அரைத்துப் பூசியது போல இருந்தது. பள்ளிக்கூடம் போய்த் திரும்புவதற்குள் பக்கத்து மரத்திலும் பரவியிருந்தது. பிறகு மஞ்சள் இருந்த இடத்தில் ஆரஞ்சு வந்தது, ஆரஞ்சு இருந்த இடத்தில் கருஞ்சிவப்பு வந்தது. காலை வெயில் பின்னாலிருந்து படும்போது காடு முழுக்கச் சத்தமில்லாமல் எரிகிற மாதிரி தெரியும். சிவந்த இலைகள் காற்றே இல்லாதபோதும் விழுந்தன. எங்கள் வீட்டுத் தகரக் கூரையில் அவை பட்டு உராய்ந்து கீழே இறங்குகிற ஓசை, யாரோ மேலே செருப்பைத் தேய்த்து நடப்பது போலிருக்கும்.

அப்பாவிடம் கேட்டேன், மரத்துக்கு என்ன ஆனது என்று. அவர் களைத்துப்போய் வந்திருந்தார்.

“வெயில் காலம்லம்மா,” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

அது பதிலாகவே எனக்குப் படவில்லை. வெயில் எங்கள் ஊரில் எந்தக் காலத்தில் இல்லை? அத்தையின் பதில் தெளிவாக இருந்தது. அந்தக் காட்டை அழித்துச் செம்பனை வைக்கப்போகிறார்களாம். அழிப்பதற்கு முன்னால் மரத்துக்கு மருந்து வைத்துக் கொல்வது வழக்கமாம். துணி காயப்போட்டுக்கொண்டே, பக்கத்து வீட்டுக்காரியிடம் அதைச் சொன்னாள். “மருந்து வெச்சிருப்பானுங்க லா. பாரு, எப்படி மஞ்சளா போவுது.”

தம்பியின் மஞ்சளையும் அத்தைதான் முதலில் பார்த்தாள். ஒரு நாள் காலையில் அவனைக் குளிப்பாட்டத் துணியை அவிழ்த்து, பின்வாசல் வெளிச்சத்தில் காலில் போட்டுக்கொண்டவள், சோப்பைக் கீழே வைத்துவிட்டு அவன் கண்ணிமையை விரலால் விலக்கினாள். அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மா வந்து குனிந்து பார்த்தாள். நானும் அவர்களுக்கு நடுவே தலையை நுழைத்துப் பார்த்தேன். விழியில் வெள்ளை இருக்கவேண்டிய இடம் வெள்ளையாக இல்லை.

மதியம் அப்பா வந்தார். வழக்கம்போலக் கைகளை நீட்டிக்கொண்டு வந்தார். அத்தை குழந்தையைத் தன் மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

“மருந்து தொட்ட கையோட புள்ளய தூக்காதன்னு எத்தன வாட்டி சொன்னேன்? இப்பப் பாரு, புள்ள என்னா கலர்ல இருக்குன்னு.”

அத்தை அதை உண்மையாகவே நம்பிச் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. பயத்தில் இருப்பவர்களுக்கு யாரையாவது ஏசினால் கொஞ்சம் நிம்மதி. அப்பாவின் கைகள் நீட்டிய இடத்திலேயே சற்று நேரம் நின்றன. பிறகு இறங்கின. அவர் குழாயடிக்குப் போய் நெடுநேரம் கை கழுவினார். துணி சோப்பால் கழுவினார். அம்மா கழிவறைக்கு வைத்திருக்கும் குளோரெக்ஸை ஊற்றித் தேய்த்தார். அதன் நெடி வீட்டுக்குள் வந்தது.

எட்டு வயதுப் பிள்ளையின் மூளைக்கு இவ்வளவு போதும். அப்பா மருந்தடித்தால் புல் மஞ்சளாகும், சிவக்கும், இல்லாமல் போகும். மரத்துக்கு மருந்து வைத்தார்கள். மரம் மஞ்சளானது, சிவந்தது, இலை விழுகிறது. அப்பா தம்பியைத் தூக்கினார், தம்பி மஞ்சளாகிவிட்டான். அடுத்து என்ன என்பதை எனக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. பின்வாசலைத் திறந்தால் அது கண்ணெதிரே கொட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் சுகாதாரக் கிளினிக்கிலிருந்து நர்ஸ் மிஸ்ஸி வந்தார். பிள்ளை பெற்ற வீடுகளுக்கு வந்து பார்ப்பது அவர் வேலை. முக்காடு போட்ட, சிரித்த முகம் கொண்ட மலாய்க்காரப் பெண். அவர் தம்பியைச் சன்னல் ஓரமாகக் கொண்டுபோய், அவன் நெற்றியில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். பிறகு நெஞ்சில் அழுத்தினார். பிறகு தொடையில். அழுத்திய இடம் ஒரு கணம் இரத்தமில்லாமல் தெரியும், அங்கெல்லாம் மஞ்சள். ஒவ்வொரு இடமாகக் கீழே போகப் போக அவருடைய சிரிப்பு குறைந்தது. அம்மாவிடம் வேகமாகப் பேசினார். எனக்கு அப்போது மலாயில் தெரிந்ததெல்லாம் நிறங்களும் பழங்களும் எண்களும்தான். ஆகவே அந்தப் பேச்சு முழுவதிலும் ஒரே ஒரு சொல்தான் எனக்குப் புரிந்தது. கூனிங். மஞ்சள். அவர் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

பக்கத்து வீட்டுக்காரரின் காரில் அம்மாவும் தம்பியும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அப்பா மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே போனார். கார் சாலை திரும்பியதும் அத்தை சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். என்னைக் கண்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தம்பிக்கு ஒன்றும் இல்லை, போய் விளையாடு என்றாள். ஒன்றும் இல்லாததற்குப் பெரியவர்கள் அழுவதில்லை என்பது எனக்கு அந்த வயதிலேயே தெரியும்.

அம்மா ஆஸ்பத்திரியிலேயே தம்பியுடன் தங்கிவிட்டாள். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள் என்றார்கள். அப்பா வேலைக்குப் போவதும் ஆஸ்பத்திரிக்குப் போவதுமாக இருந்தார். ஒவ்வொரு முறை வரும்போதும் அத்தை, எப்படி இருக்கிறான் என்று கேட்பாள். “இன்னும் எறங்கல,” என்பார் அப்பா. எது இறங்கவேண்டும், எங்கிருந்து இறங்கவேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. மரத்திலிருந்து எது இறங்கிக்கொண்டிருந்தது என்று மட்டும் தெரிந்தது. இறங்காமல் இருப்பதே நல்லது என்று வேண்டிக்கொண்டேன்.

நான் அப்பாவின் கைகளுக்குப் பயப்படத் தொடங்கியது அந்த நாட்களில்தான். பஸ் ஏறச் சாலையைக் கடக்கும்போது அவர் என் கையைப் பிடிப்பது வழக்கம். நான் இரண்டு கைகளையும் பள்ளிப்பையின் வாருக்குள் நுழைத்து வைத்துக்கொண்டேன். அவர் தட்டில் சோறு போட்டுக் கொடுத்தால் பசிக்கவில்லை என்பேன். அத்தை போட்டால் சாப்பிடுவேன். ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் எனக்குப் பிடிக்கும் என்று நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் ஒன்று வாங்கி வந்து, தன் கையாலேயே பிரித்துக் கொடுத்தார். நான் அதைக் கொல்லைக்கு எடுத்துப்போய் லயத்து நாய்க்குப் போட்டேன். போட்ட பிறகுதான் நாயை நினைத்துக் கவலை வந்தது. மாலை முழுக்க அதன் பின்னாலேயே நடந்து, அது மஞ்சளாகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அது பிறவியிலேயே மஞ்சள் நாய். அதனால் ஒன்றும் முடிவாகத் தெரியவில்லை.

திரும்பி வந்தபோது அப்பா பின்வாசலில் நின்றிருந்தார். காலியான பொட்டலத் தாள் கொல்லையில் கிடந்தது. அவர் அதை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டுக் குழாயடிக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். அத்தை சமையலில் இருந்தாள். பம்பு, சப்பாத்து, கையுறை எல்லாம் கொல்லைக் கொட்டகையில் இருக்கும். நான் என்ன நினைத்தேன் என்பது இன்றும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. பம்பு இல்லாவிட்டால் மருந்து இல்லை. மருந்து இல்லாவிட்டால் அப்பாவின் கை பழையபடி ஆகிவிடும். பம்பைத் தூக்க முடியவில்லை. அதன் வாரைப் பிடித்து இழுத்துக்கொண்டே பால்மரக்காட்டுக்குள் போனேன்.

உள்ளே கால் கணுக்கால் வரை இலையில் புதைந்தது. மேலே பார்த்தேன். பாதிக்கு மேல் கிளைகள் எலும்பாக நின்றன. கிளைகளுக்கு ஊடே வானம் தெரிந்தது. பச்சையாக இருந்தபோது அந்தக் காட்டுக்குள் வெயில் விழுந்ததே இல்லை. இப்போது எல்லா இடத்திலும் வெளிச்சம். இவ்வளவு வெளிச்சமான இடத்தில் எனக்கு அவ்வளவு பயமாக இருந்ததில்லை. ஒரு மரத்தடியில் பம்பைச் சாய்த்து, இரண்டு கைகளாலும் இலைகளை அள்ளி அதன்மேல் கொட்டினேன். சாய்த்தபோது மூடி சரியாக இல்லாமல், அடியில் மிச்சமிருந்த மருந்துத் தண்ணீர் என் முழங்கையிலும் பாவாடையிலும் வழிந்தது. அப்பாவின் சட்டையில் வரும் அதே வாடை. இப்போது என்மேல் வந்தது.

வாய்க்கால் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அத்தை சாப்பிடக் கூப்பிட்டாள். எனக்கு முதுகைக் காட்டித் தம்பிக்காக ஏதோ முணுமுணுத்துக்கொண்டே தட்டில் மீன்குழம்பை ஊற்றினாள். நான் குழம்பைப் பிசைந்து சாப்பிட்டேன். அவள் அறைக்குள் போய்ச் சற்றுத் தலை சாய்த்தாள். நான் குழாயடியில் கை கழுவினேன். கழுவிவிட்டு வெயிலில் கையை விரித்துப் பார்த்தேன்.

என் விரல் நுனிகள் மஞ்சளாக இருந்தன. நகங்களின் ஓரம் இன்னும் மஞ்சளாக இருந்தது.

சோப்புப் போட்டுக் கழுவினேன். போகவில்லை. சுவரில் தேய்த்தேன். போகவில்லை. அத்தையை எழுப்பவேண்டும் என்று தோன்றவில்லை. எழுப்பினால் அவள் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுவாள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது. காட்டுக்குத்தான் ஓடினேன். இலைக்குவியல் மேல் உட்கார்ந்து, கைகளை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு, அடுத்து எப்போது சிவக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இலைகள் என்மேலும் விழுந்தன. தலையில் விழுந்ததை நான் எடுத்துப் போடவில்லை.

மோட்டார் சைக்கிள் வரும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அப்பா என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதும், அத்தை கூப்பிடுவதும் கேட்டன. நான் விரல்களிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இலைகள் நொறுங்க நொறுங்க அப்பா வந்தார். என்னைக் கண்டதும் நின்றார்.

“இங்க என்னம்மா பண்ற?”

நான் கைகளைக் காட்டினேன். “எனக்கும் வந்திருச்சுப்பா.”

அவர் என் விரல்களைப் பார்த்தார். பிறகு அந்த வாடை அவருக்கு எட்டியிருக்கவேண்டும். பாவாடையைப் பார்த்தார், இலைக்குள்ளிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த பம்பின் குழாயைப் பார்த்தார். அப்பாவின் முகம் அப்படி ஆகி நான் அதற்கு முன் கண்டதில்லை. என்னைத் தூக்கக் குனிந்தார். நான் பின்னால் நகர்ந்தேன்.

“தொடாதீங்க,” என்றேன். “உங்க கையில மருந்து இருக்கு.”

அவர் கைகள் நின்றன. தம்பிக்காக நீட்டியபோது நின்றது போலவே நின்றன. இந்த முறை அவர் இறக்கவில்லை. என்னை வாரி எடுத்துக்கொண்டு ஓடினார். நான் கத்தினேன், காலால் உதைத்தேன், அவர் சட்டையைக் கடித்தேன். குழாயடிக்குக் கொண்டுபோய், உடுத்தியிருந்த துணியோடு தண்ணீரைத் திறந்துவிட்டு, சோப்பைப் போட்டுத் தலையிலிருந்து கால்வரை தேய்த்தார். குடித்தாயா, வாயில் பட்டதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இல்லை என்று நான் சொல்லச் சொல்லத் திரும்பத் திரும்பக் கேட்டார். அத்தை கையில் துண்டோடு, பேச்சின்றி நின்றாள். அத்தை பேசாமல் நின்றதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மோட்டார் சைக்கிளில் என்னை முன்னால் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அவசரப் பிரிவில் ஒரு சீனப் பெண் டாக்டர் இருந்தார். என் கண்ணை விலக்கிப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், வயிற்றை அமுக்கினார், முழங்கையைத் தடவிப் பார்த்தார். கடைசியில் நான் விரித்துக் காட்டிய விரல்களைத் தன் மூக்குக்கு அருகே கொண்டுபோய் முகர்ந்தார். அப்பாவைப் பார்த்து மலாயில் ஏதோ சொல்லிச் சிரித்தார். அது நான் படித்த நிறங்களின் பட்டியலில் இல்லாத சொல். மீன்குழம்பில் போட்ட மஞ்சள்தூள் என்று அப்பா எனக்குத் தமிழில் சொன்னார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. இவ்வளவு பெரிய விஷயம் குழம்பாக இருக்க முடியாது.

அப்பா சிரிக்கவில்லை. தன் இரண்டு கைகளையும் டாக்டருக்கு முன்னால் மேசைமேல் வைத்தார். குளோரெக்ஸில் ஊறி ஊறி அந்தக் கைகள் வெளுத்து, விரலிடுக்குகளில் வெடித்திருந்தன. தட்டுத்தடுமாறி மலாயில் ஏதோ கேட்டார். டாக்டரின் சிரிப்பு நின்றது. தலையை ஆட்டி ஆட்டி, நிதானமாக நெடுநேரம் பதில் சொன்னார். மேலே வார்டு இருக்கும் திசையைக் காட்டிச் சொன்னார். அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். தன் விரலிலும் குழம்பு இருக்கிறதா என்று அப்பா கேட்கிறார் போலும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பிறகு என்னை மாடிக்குக் கூட்டிப்போனார். வார்டுக்குள் விடமாட்டார்கள், ஆனால் நடைவழியில் ஒரு கண்ணாடிச் சன்னல் இருந்தது. எனக்கு எட்டவில்லை. அப்பா என்னைத் தூக்கவில்லை. எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். நான் ஏறி, நெற்றியைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன்.

தம்பியைக் கண்ணாடிப் பெட்டி ஒன்றில் வெறும் உடம்பாகப் போட்டிருந்தார்கள். கண்களைக் கட்டியிருந்தார்கள். அந்தக் கட்டைக் கண்டதும் கடைசிக் கட்டம் வந்துவிட்டது என்றே நினைத்தேன். அம்மா பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கிப்போயிருந்தாள். பெட்டிக்கு மேலே நீல விளக்குகள். அந்த நீலம் அவன்மேல் பட்டு, அவன் கை, கால், வயிறு எல்லாம்…

நான் நெற்றியைக் கண்ணாடியில் இன்னும் அழுத்திப் பார்த்தேன். அவன் மஞ்சளாக இல்லை. சிவப்பாகவும் இல்லை. கால் ஒன்றை உதைத்தான். அந்தக் கால் பச்சையாக இருந்தது.

அந்த வழியே போன ஒரு மிஸ்ஸியின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். கண்ணாடியைக் காட்டி, எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன்: “ஹீஜாவ்.” பச்சை. அவர் எட்டிப் பார்த்துவிட்டு, ஆமாம் ஆமாம் என்று சிரித்து என் தலையைத் தட்டிவிட்டுப் போனார். தம்பி பிழைத்துவிட்டான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஆஸ்பத்திரியில் என்னைத் தவிர வேறு யாருக்கும் அந்தச் செய்தி அவ்வளவு உறுதியாகத் தெரிந்திருக்காது. திரும்பும்போது வண்டியில் அப்பாவின் கைகளுக்கு நடுவே உட்கார்ந்து தூங்கிப்போனேன்.

அந்தத் தம்பி இப்போது பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படிக்கிறான். சென்ற மாதம் வீட்டுக்கு வந்தவனிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, தான் ஒரு இலையாகக் கருதப்பட்டதைக் கேட்டு வெகுநேரம் சிரித்தான். பிறகு படித்த பிள்ளையாகி விளக்கினான். மழை குறையும் மாதங்களில் பால்மரம் இலைகளை வைத்துக்கொண்டிருந்தால் இலை வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்குமாம். அதனால் மரம் தானே உதிர்த்துவிடுகிறதாம். குளிர்நாட்டு மரங்கள் பனிக்கு முன்னால் செய்வதும் ஏறக்குறைய இதே சிக்கனம்தானாம். உதிர்ப்பதற்கு முன்னால் இலையில் இருக்கும் சத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்போது பச்சையம் சிதைந்துபோக, இலைக்குள் முதலிலிருந்தே மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு, கடைசி நேரத்தில் இலை புதிதாக உண்டாக்கிக்கொள்வது. மரத்துக்கு நோயும் இல்லை, யாரும் மருந்து வைக்கவும் இல்லை.

“பிள்ளைங்களுக்கு வர்ற மஞ்சள் வேற, அக்கா. பழைய ரத்த அணு ஒடையறப்ப மஞ்சளா ஒண்ணு வரும். ஈரல் பழகற வரைக்கும் அது ஒடம்புலயே நிக்கும். நீல லைட்டு அதக் கரைய வைக்கும், அவ்ளோதான்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆனா பச்சையம் ஒடையறதும் ரத்தத்துல செவப்பு ஒடையறதும் கிட்டத்தட்ட ஒரே வழிதான். சொந்தக்காரங்க மாதிரி. நீ ரொம்பத் தப்பா நெனைக்கல லா,” என்றான்.

பிறந்த குழந்தைகளில் பாதிப் பேருக்கு மேல் வருவது, எந்தப் புல் மருந்துக்கும் அதில் சம்பந்தமில்லை. அன்று அந்தச் சீன டாக்டர் அப்பாவிடம் அவ்வளவு நேரம் சொன்னதும் இதுவாகத்தான் இருந்திருக்கவேண்டும். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆனால் மறுநாளே பம்பைக் கழுவிக் குத்தகைக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். பிறகு அந்த வேலைக்கு அவர் போகவில்லை. விடியும் முன்பே கிளம்பி ரவாங் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் பெட்டி அடுக்கப் போனார். குத்தகைக்காரர் வீடு தேடி வந்து கூப்பிட்டும் போகவில்லை. அம்மா சண்டை போட்டும் போகவில்லை. நான் பம்பை இழுத்துப்போய் ஒளித்துவைத்ததால்தான் அவரை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள் என்று பல வருடங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தம்பி வீட்டுக்கு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காடு மொட்டையாக நின்றது. கிளை நுனிகளில் மட்டும் செம்பு நிறத்தில் சின்னச் சின்னத் தளிர்கள் தொங்கின. பக்கத்து வீட்டுக்காரரின் கார் வாசலில் நின்றது. அம்மா முதலில் காலை வெளியே வைத்து, துணியில் சுற்றிய தம்பியை அப்பாவிடம் நீட்டினாள்.

“புடிங்க. நான் எறங்கணும்.”

அப்பா ஒரு அடி பின்னால் நகர்ந்தார். கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். அன்று அவர் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, காலையிலிருந்து எந்த வேலையும் செய்யாமல் காத்திருந்தார். அந்தக் கைகளில் துடைக்க ஒன்றும் இருக்கவில்லை.

“பாப்பா வாங்கட்டும்,” என்று என்னைக் காட்டினார்.

என்னை வாசல்படியில் உட்காரவைத்து, முழங்கைக்கடியில் தலையணை ஒன்றைக் கொடுத்து, அம்மா அவனை என் மடியில் வைத்தாள். அவன் சூடாக இருந்தான். கண்ணைத் திறந்தான். வெள்ளை இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளை இருந்தது. அப்பா எங்களிடமிருந்து சற்றுத் தள்ளி நின்று, முதுகுக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு, கழுத்தை மட்டும் நீட்டி எட்டிப் பார்த்தார்.

இவ்வளவு பெரிய பொறுப்பை அப்பா எல்லோருக்கும் முன்னால் எனக்குக் கொடுத்துவிட்டார் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் போட்டோ எடுத்தார். அந்தப் போட்டோவில் நான் எல்லாப் பற்களும் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்; அப்பா பாதிதான் விழுந்திருக்கிறார். அவர் ஏன் ஒரு அடி தள்ளி நின்றார் என்று கேட்கவேண்டும் என்றே அன்று எனக்குத் தோன்றவில்லை.